பின்பனியும் இளவேனிலும்: பள்ளிப் பிள்ளைகளின் இல்லத்தார்க்குச் சில சொற்கள்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவையொட்டிச் செந்துறையில் தைத் திங்களில் கூடிய பெற்றோர் மாணவர் கூட்டத்தில், அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

     

நம் முன்னோர் ஓராண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம். சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம். நம் செந்துறை வட்டாரத்தில் இந்நான்கு திங்களும் ஓய்வில்லாத திங்கள்கள். முந்திரி பூத்துக் காய்த்துப் பழுப்பது அப்போது. கரும்பு வெட்டுக்கும் செங்கற் சூளைக்கும் ஆள் போவது அப்போது. ஊர்தோறும் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவதும், முகூர்த்த நாள்கள் நெருங்கி வருவதும் அப்போதுதான். பத்தாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பிலோ ஒரு பிள்ளை பயிலும் இல்லத்திற்கு இவற்றோடு இன்னுமொன்று சேர்ந்துகொள்கிறது. இத்தனை ஆண்டுகள் கற்ற கல்வி கரை சேருமா, நடுவழியில் நின்றுவிடுமா என்பது முடிவாவதும் இந்நான்கு திங்களிலேதான்.

வெள்ளி விழாவினைப் புகழ்ந்துரைக்க அறிஞர் பலர் வந்துள்ளனர். எனக்கு இடப்பட்ட பணி வேறு. வருகின்ற திங்கள்களில் பள்ளியில் என்னென்ன நடைபெறும், அவற்றிற்காக வீட்டில் என்னென்ன செய்தல் வேண்டும் என்பதனை ஒழுங்குபடச் சொல்லுக என்று கழகத்தார் பணித்தனர். அதனையே செய்கின்றேன்.

முதலில் ஒரு நற்செய்தியை நினைவூட்டுகின்றேன். 2025-ஆம் ஆண்டு மே திங்கள் 8-ஆம் நாள் வெளியான பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவில், தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களுக்கும் முதலாவதாக நம் அரியலூர் மாவட்டம் நின்றது. தேர்ச்சி 98.82 விழுக்காடு. பின்தங்கிய பகுதி என்று பல்லாண்டுகள் பேசப்பட்ட மண்ணுக்கு இது பெரும் பேறு. ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோரும் பகிர்ந்துகொள்ள வேண்டிய பெருமை.

ஆயினும் கணக்கு அறிந்த ஆசிரியன் ஒருவன் இங்கே இரண்டு கேள்விகளைக் கேட்டே ஆகவேண்டும். தேர்ச்சி விழுக்காடு என்பது தேர்வு எழுதியோரைக் கொண்டு கணிக்கப்படுவது. தேர்வுக்கே வராதவர் அக்கணக்கில் எங்கே இருக்கின்றனர்? இது முதற் கேள்வி. தேர்ச்சி பெற்றவருள் எத்தனை பேர் ஆடித் திங்களில் ஒரு கல்லூரியின் வகுப்பறையில் அமர்ந்திருக்கின்றனர்? இது இரண்டாம் கேள்வி. நம் சேரிகளில் வீடு வீடாகச் சென்று விடை கேட்டால், நம் பிள்ளைகள் தவறி விழுவது இவ்விரண்டு இடங்களிலும்தான் என்பது புலனாகும். வினாத்தாளின் முன்னே தோற்றவரைக் காட்டிலும், வினாத்தாளுக்கு முன்னும் பின்னும் உள்ள தாள்களின் முன்னே தோற்றவர் மிகுதி.

வரலாற்றில் ஒரு சான்று காட்டுவேன். 1907-ஆம் ஆண்டு பம்பாயில் பீமராவ் அம்பேத்கர் என்னும் இளைஞர் மெட்ரிகுலேசன் தேர்வில் தேறினார். அச்சமூகத்தில் அக்காலத்தில் அது அரிய நிகழ்ச்சி. ஆதலால் ஊரார் கூடிப் பாராட்டுக் கூட்டம் நடத்தினர். கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலினை அம்மாணவருக்குப் பரிசளித்தார். கூட்டம் அத்துடன் கலைந்திருந்தால் நாம் அறிந்த அம்பேத்கர் கிடைத்திருப்பாரோ, அறியோம். மேற்படிப்பைத் தொடரப் பணம் இல்லாது குடும்பம் இடர்ப்பட்ட வேளையில், அதே கேலுஸ்கரின் முயற்சியால் பரோடா மன்னரின் உதவித்தொகை திங்களுக்கு 25 ரூபாய் கிடைத்தது. பின்னர் 1913-இல் அதே மன்னரின் உதவியோடுதான் அவர் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திற்குச் சென்றார். அறிவு அவருடையது, உழைப்பும் அவருடையது. எந்தக் கதவை, எந்த நாளில், எந்தக் கையால் தட்டவேண்டும் என்று அறிந்த ஒருவர் உடன் நின்றார். அந்த ஒருவரே நம் வீதிகள் பலவற்றில் இல்லை.

நமக்கு அண்மையிலும் சான்று உண்டு. 1916-இல் சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் பள்ளி தொடங்கினார். தங்கவும் உண்ணவும் இடம் தந்து, பிள்ளைகளைக் கைப்பிடித்து வகுப்பில் அமர்த்தினார். பள்ளிக்கூடம் இருந்தால் மட்டும் போதாது, பள்ளி வரையில் அழைத்து வரும் கையும் வேண்டும் என்பதனை அப்பெரியார் அன்றே அறிந்திருந்தார்.

இனி, நம் வட்டத்துப் பெயர் ஒன்றைச் சொல்லாமல் இப்பேச்சைத் தொடர்தல் இயலாது. செந்துறையை அடுத்த குழுமூரில் பிறந்த அனிதா 2017-இல் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் 1200-க்கு 1176 மதிப்பெண் பெற்றார். மூட்டை தூக்கும் தொழிலாளியின் மகள். தாயை இளமையிலேயே இழந்தவர். அந்த மதிப்பெண் முந்தைய ஆண்டாயின் அவரை மருத்துவக் கல்லூரியில் சேர்த்திருக்கும். அவ்வாண்டு சேர்க்கையின் விதி மாறியது; நீட் தேர்வின் மதிப்பெண்ணே கணக்கில் கொள்ளப்பட்டது. உச்சநீதிமன்றம் வரை சென்று வாதிட்டும் பயன் விளையவில்லை. 2017 செப்டம்பர் முதல் நாள் அவரை நாம் இழந்தோம். அத்துயரம் தமிழ்நாடு முழுமையும் பரவியதனை நீங்கள் அறிவீர்கள். மூன்றாண்டு கழித்து 2020-இல், அரசுப் பள்ளியில் பயின்று நீட் தேர்வில் தகுதி பெற்றோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு தரும் சட்டம் வந்தது. 2021-இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் அதே ஒதுக்கீடு விரிக்கப்பட்டது. 2022 சனவரியில் அரியலூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அக்கல்லூரியின் அரங்கம் அனிதாவின் பெயர் தாங்கி நிற்கின்றது.

அவர் வாழ்ந்திருக்க வேண்டும் என்பதே நம் நெஞ்சின் முதற் சொல். எந்தச் சட்டமும் எந்த அரங்கமும் ஓர் உயிருக்கு ஈடாகா. அவருக்குப் பின் வந்தவர்களாகிய நாம் செய்யத்தக்கது ஒன்று உண்டு. விதி மாறும் என்பதனை அறிந்து, மாறிய விதியை ஆண்டுதோறும் முன்கூட்டியே கேட்டறிந்து, திறக்கப்பட்ட ஒவ்வொரு வாயிலிலும் நம் பிள்ளைகளை உரிய நாளில் கொண்டுபோய் நிறுத்துதல் வேண்டும். இனி, திங்கள் வாரியாகச் சொல்கின்றேன்.

தை: பெயரும் சான்றும்

இத்திங்களில் செய்ய வேண்டியது தாள்களைச் சரிபார்த்தல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் அச்சாகும் பெயரும் தலைப்பெழுத்தும் பிறந்த நாளும் வாழ்நாள் முழுவதும் உடன் வருவன. பள்ளியில் தேர்வர் பெயர்ப் பட்டியலைக் காட்டும்போது, பெற்றோர் ஒருவரேனும் நேரில் வந்து, பிறப்புச் சான்றிலும் ஆதார் அட்டையிலும் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எழுதப் படிக்க அறியாத தாய்மார்கள், நம் கழகத்து இளைஞர் ஒருவரை உடன் அழைத்து வருக. அதில் கூச்சம் வேண்டா. ஓர் எழுத்துப் பிழையைப் பின்னாளில் திருத்த எத்தனை அலுவலகங்களின் படிக்கட்டுகளை ஏற வேண்டும் என்பது பட்டவர்க்குத் தெரியும்.

அடுத்து, சாதிச் சான்றிதழ். இது ஒருமுறை பெற்றால் நிலைத்திருப்பது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் வட்டாட்சியர் வழங்குவார். வருமானச் சான்றிதழ் ஓராண்டுக்கே செல்லுபடியாகும். ஆதலின் சென்ற ஆண்டுச் சான்று பெட்டியில் இருக்கிறது என்று இருந்துவிடலாகாது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்குச் செல்லும் பிள்ளையாயின், முதல் பட்டதாரிச் சான்றிதழும் வேண்டும். 2010-11 கல்வியாண்டு முதல் தொழிற்படிப்புகளில் கட்டணச் சலுகை இச்சான்றினைக் காட்டியே பெறப்படுகிறது. முடிவு வெளியான பின் எல்லாரும் ஒரே வாரத்தில் இ-சேவை மையத்தின் முன் வரிசையில் நிற்கும்போது, நம் பிள்ளையின் சான்று நம் கையில் இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, வங்கிக் கணக்கு. உதவித்தொகை மாணவரின் கணக்கிற்கே நேராக வருகின்றது. ஆகவே பிள்ளையின் பெயரில் கணக்கு, அதனோடு ஆதார் இணைப்பு, இரண்டும் வேண்டும். நெடுநாள் பயன்படுத்தாது உறங்கிக் கிடக்கும் கணக்காயின், வங்கியில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது சிறியது போலத் தோன்றும், ஆனால் பெரியது. அது கைப்பேசி எண். நான் பணியாற்றிய ஓர் ஊரில் மாணவி ஒருத்தி பன்னிரண்டாம் வகுப்பில் நன்மதிப்பெண் பெற்றாள். கல்லூரி விண்ணப்பத்தில் தந்தையின் கைப்பேசி எண்ணைத் தந்திருந்தாள். தந்தையோ கரும்பு வெட்டுக்காக அயல் மாவட்டத்தில் இருந்தார். ஓ.டி.பி. என்னும் கடவு எண், கரும்புக் கொல்லையில் அணைந்து கிடந்த கைப்பேசிக்குப் போய்ச் சேர்ந்தது. இடம் ஒதுக்கப்பட்ட செய்தியும் அங்கேயே போயிற்று. கெடுநாள் கடந்த பின்னரே மகளுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு அவள் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேலையில் அமர்ந்துவிட்டாள். பன்னிரண்டு ஆண்டுக் கல்வியை ஒரு கைப்பேசி எண் கொண்டுபோயிற்று. ஆகவே, வைகாசி முடியும் வரை வீட்டில் இருக்கக்கூடிய ஒருவரின் எண்ணையே எழுதுங்கள். அந்த எண்ணை மாற்றாதிருங்கள்.

எட்டாம் வகுப்பில் பிள்ளை உள்ள பெற்றோருக்கும் ஒரு சொல். தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு என ஒன்று ஆண்டுதோறும் நடைபெறுகிறது. அதில் தேர்ந்தெடுக்கப்பட்ட பிள்ளைக்கு ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். பள்ளியிலேயே விண்ணப்பிக்கலாம், ஆசிரியரைக் கேளுங்கள்.

மாசி: செய்முறைத் தேர்வு

மாசித் திங்களில் செய்முறைத் தேர்வுகள் நடைபெறும். பத்தாம் வகுப்பில் அறிவியல் பாடத்தின் 100 மதிப்பெண்ணில் 25 செய்முறைக்கு உரியது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் போன்ற பாடங்களில் 20 மதிப்பெண் செய்முறைக்கும், 10 அக மதிப்பீட்டிற்கும், 70 எழுத்துத் தேர்விற்கும் உரியன. அக மதிப்பீட்டில் பள்ளி வருகைக்கும் பங்கு உண்டு. இம்மதிப்பெண்கள் பெரும்பாலும் உழைத்தால் முழுமையாகக் கிடைக்கக்கூடியவை. செய்முறைத் தேர்வு நாளில் வராத பிள்ளை, கையில் வைத்துக் கொடுத்ததைக் கீழே போட்டுவிட்டுப் போன பிள்ளை.

பதினோராம் வகுப்புக்கு 2017-18 கல்வியாண்டில் பொதுத்தேர்வு கொண்டுவரப்பட்டது. 2025-26 முதல் அது நீக்கப்பட்டது. அதனால் பதினோராம் வகுப்பினை ஓய்வாண்டாக எண்ணுதல் தவறு. நீட் முதலிய நுழைவுத் தேர்வுகளில் அவ்வகுப்புப் பாடமும் பாதியளவு உண்டு. அத்தேர்வுகளுக்கான விண்ணப்பப் பதிவும் பெரும்பாலும் மாசியிலேயே நிகழ்கிறது. பொதுத்தேர்வு முடியட்டும் என்று காத்திருப்போர் வாயில் மூடியிருக்கக் காண்பர்.

பங்குனி: எழுத்துத் தேர்வு

மார்ச்சு, ஏப்ரல் திங்கள்களில் எழுத்துத் தேர்வுகள் நடைபெறுகின்றன. காலை 10 மணிக்கு வினாத்தாள் வழங்குவர். அதனைப் படித்துப் பார்க்க 10 நிமிடமும், விடைத்தாளின் முகப்பினை நிரப்ப 5 நிமிடமும் தந்து, 10.15-க்கு எழுதத் தொடங்குவர். பத்தாம் வகுப்பில் ஐந்து பாடங்களுக்கு 500 மதிப்பெண். பன்னிரண்டாம் வகுப்பில் ஆறு பாடங்களுக்கு 600. ஒவ்வொரு பாடத்திலும் 35 பெற்றால் தேர்ச்சி.

தேர்வுக்கு வராதிருத்தலே நம் முதற் பகை. 2023 மார்ச்சு 13 அன்று நடந்த பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுவதிலும் ஏறத்தாழ 50,000 மாணவர் வரவில்லை. தாய்மொழித் தேர்வுக்கு அஞ்சி நின்றவர்கள் அல்லர் அவர்கள். வேலைக்குப் போய்விட்டவர்களும், வீட்டார் வேறிடம் சென்றபோது உடன் சென்றவர்களும், இடையிலேயே பள்ளியை விட்டு விலகிப் பெயர்ப் பட்டியலில் மட்டும் எஞ்சி நின்றவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். நம் வட்டாரத்தில் பங்குனி என்பது முந்திரிக்கொட்டை பொறுக்கும் திங்கள். விடியலில் கொல்லைக்குச் சென்று வந்த பிள்ளை, களைத்த உடலோடும் முந்திரிப் பால் பட்டுப் புண்ணான விரலோடும் தேர்வறைக்கு வருவதனை ஆசிரியர் பலர் கண்டிருக்கின்றனர். பெற்றோரே! உங்கள் வறுமையை நான் அறிவேன். ஒரு நாள் கூலி ஒரு நாள் உலை என்பதனையும் அறிவேன். ஆயினும் தேர்வு நடைபெறும் அந்தச் சில வாரங்கள் பிள்ளையைக் கொல்லைக்கு அனுப்பாதீர். அந்தக் கூலியின் இழப்பைத் தாங்க இயலாத வீடு இருக்குமாயின், அவ்வீட்டுக்கு அரிசி கொண்டு செல்வது இக்கழகத்தின் கடமை என்று இளைஞர்களுக்குச் சொல்வேன்.

சூளைக்கோ வெட்டுக்கோ குடும்பத்துடன் செல்வோர், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளையை உடன் அழைத்துச் செல்லாதீர். பாட்டி வீட்டிலோ, சித்தப்பா வீட்டிலோ, அரசு விடுதியிலோ இருத்துங்கள். ஆதிதிராவிடர் நல விடுதி என்று நாம் வழங்கியவற்றிற்கு 2025 சூலையில் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றப்பட்டது, விடுதி அதுவேதான். ஊர்த் திருவிழாப் பொறுப்பாளர்கட்கும் ஒரு விண்ணப்பம்: தேர்வுக் காலத்தில் ஒலிபெருக்கியை இரவு நேரத்தில் நிறுத்தி வையுங்கள். அம்மன் அதனால் சினங்கொள்ளாள்.

சித்திரை: விடுமுறையும் ஆயத்தமும்

ஏப்ரல் 14 அண்ணல் அம்பேத்கர் பிறந்த நாள். அன்று ஊர்தோறும் கொடியேற்றி, மாலை சூட்டி, இனிப்பு வழங்குகின்றோம், நல்லது. அன்றே அப்படத்தின் முன் ஒரு மேசையும் போடுக. அவ்வூரில் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் எழுதிய பிள்ளைகள் யார் யார், எவரிடம் எந்தச் சான்று இல்லை என்று ஒரு பட்டியல் எழுதுக. அப்பெருமகனாருக்குச் சூட்டும் மாலைகளுள் அதுவே வாடாத மாலை.

பட்டியலின ஆதிதிராவிட மாணவர்க்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. அண்ணல் அவர்கள் வைசிராயின் நிருவாக அவையில் உறுப்பினராக இருந்த காலம் அது. பதினோராம் வகுப்பு முதல் ஆராய்ச்சிப் படிப்பு வரை அது பொருந்தும். குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்திற்கு மிகாதிருத்தல் வேண்டும் என்பது விதி. கிறித்தவம் தழுவிய ஆதிதிராவிடர்க்குத் தமிழ்நாட்டு அரசின் உதவித்தொகை உண்டு. அவர்களும் கேட்டறிந்து விண்ணப்பித்தல் வேண்டும். உதவித்தொகை என்பது பிச்சை என்று எண்ணி நாணுகின்ற இளைஞர் சிலரைக் கண்டிருக்கின்றேன். அது நம் முன்னோர் வாதாடிப் பெற்ற உரிமை. நாணத்திற்கு அங்கே இடமில்லை.

மே திங்களின் முதல் ஞாயிறையொட்டிப் பெரும்பாலும் நீட் தேர்வு நடைபெறும். எழுதுவோர் நுழைவுச் சீட்டினையும் தேர்வு மையத்தின் வழியையும் ஒருநாள் முன்னரே அறிந்து வைத்தல் நன்று.

வைகாசி: முடிவும் சேர்க்கையும்

மே திங்களில் முடிவுகள் வெளியாகும். முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் முறை 2017-இல் நீக்கப்பட்டது. ஆகவே, பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு நம் பிள்ளையை நோகச் செய்யாதீர்.

தேறாத பிள்ளைக்கு முதலில் சோறிடுங்கள், பிறகு பேசுங்கள். துணைத் தேர்வு ஓரிரு திங்களில் நடைபெறும்; பள்ளி வழியாக உடனே விண்ணப்பித்தால் அவ்வாண்டே மேல்வகுப்பிலோ கல்லூரியிலோ சேரலாம். எதிர்பார்த்த மதிப்பெண் வரவில்லையெனின், பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் முதலில் விடைத்தாள் நகல் பெற்று, அதனை ஆசிரியரிடம் காட்டி, மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டிற்கோ விண்ணப்பிக்கலாம். மனம் உடைந்து நிற்கும் பிள்ளையைத் தனியே விடாதீர். 14417 என்னும் கல்வி உதவி எண்ணும், 104 என்னும் மருத்துவ உதவி எண்ணும் இதற்காகவே உள்ளன. மாணவச் செல்வங்களே! தேர்வு ஆண்டுதோறும் வரும். நீங்கள் ஒருவரே வருவீர்கள். குழுமூரின் துயரம் இன்னொரு வீட்டிற்கு வருதல் கூடாது.

தேறிய பிள்ளைகளுக்கு வழிகள் பல. பத்தாம் வகுப்பு முடித்தோர்க்கு மேல்நிலைப் பள்ளி உண்டு. கைத்தொழில் விரும்புவோர்க்குத் தொழிற்பயிற்சி நிலையம் உண்டு. பெரம்பலூரை அடுத்த கீழக்கணவாயில் அரசு பாலிடெக்னிக் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர்க்கு அரியலூரில் 1965 முதல் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது; காத்தான்குடிக்காட்டில் அண்ணா பல்கலைக்கழகத்தின் பொறியியல் கல்லூரி இருக்கிறது. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு 2020 முதல் இணையவழியில் விண்ணப்பிக்கும் முறை வந்தது. பொறியியல் கலந்தாய்வும் 2018 முதல் இணையவழியே நடைபெறுகிறது. அதற்கென மாவட்டந்தோறும் உதவி மையங்கள் உண்டு. தனியார் கணினிக் கடையில் பணம் கொடுத்துப் பிழையோடு நிரப்புவதைக் காட்டிலும், அம்மையங்களுக்குச் செல்வது மேல். கல்லூரிகளின் விருப்பப் பட்டியலை நிரப்பும்போது இரண்டு மூன்று பெயரோடு நிறுத்தாமல், விரும்பும் வரிசையில் பல கல்லூரிகளைக் குறியுங்கள். இடம் ஒதுக்கப்பட்டால் குறித்த நாளுக்குள் உறுதி செய்யுங்கள்.

இட ஒதுக்கீட்டைப் பற்றி ஒரு தெளிவு வேண்டும். தமிழ்நாட்டில் பட்டியலினத்தார்க்கு 18 விழுக்காடு. அதனுள் 3 விழுக்காடு 2009-இன் சட்டப்படி அருந்ததியர்க்கு முன்னுரிமையாக உள்ளது. பழங்குடியினர்க்கு 1 விழுக்காடு. எல்லா ஒதுக்கீடும் சேர்ந்து 69. எஞ்சிய 31 விழுக்காடு பொதுப் போட்டி. பொதுப் போட்டி பிறருக்கு உரியது என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அது அனைவர்க்கும் உரியது. மதிப்பெண் இருந்தால் நம் பிள்ளையும் அதனுள் இடம் பெறுவாள். 18 என்பது நம் உரிமையின் தரை. அதனைக் கூரை என்று கருதுதல் வேண்டா. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றோர், முன் சொன்ன 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டிற்கான சான்றினைத் தலைமையாசிரியரிடம் கேட்டுப் பெறுங்கள்.

பெண் மக்களைப் பற்றித் தனியே சொல்கின்றேன். வைகாசி முகூர்த்தம் வரும்போது, பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணைக் கண்டு உறவினர் வாய் திறப்பர். 18 வயது நிரம்பாத பெண்ணுக்குத் திருமணம் செய்தல் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். 1098 என்னும் எண்ணிற்கு யாரும் செய்தி தரலாம். சட்டத்திற்கு அஞ்சி நிறுத்துவதினும் அறிவால் நிறுத்துதல் சிறப்பு. அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்வியில் சேரும் பெண்களுக்குத் திங்களுக்கு 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. ஆண் மக்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகத்தில் தொடங்கப்பட்டது. கல்லூரியில் சேர்ந்தவுடன் இவற்றைப் பற்றி அலுவலகத்தில் கேளுங்கள். வீட்டின் முதற் பட்டதாரி பெண்ணாக அமைந்தால், பின்வரும் தலைமுறை முழுவதும் அவள் மடியிலிருந்தே படிக்கத் தொடங்கும்.

நிறைவாக, கழகத்தின் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். இவ்வளவு நாள்களையும் இவ்வளவு தாள்களையும் ஒரு கூலித் தொழிலாளி தனியே நினைவில் வைத்தல் எளிதன்று. பட்டம் பெற்ற பெற்றோரின் பிள்ளைக்கு இவையெல்லாம் வீட்டுப் பேச்சிலேயே தெரிந்துவிடுகின்றன. நம் பிள்ளைக்கு அவ்வீட்டுப் பேச்சாக இருக்க வேண்டியது கழகம். ஆகவே கல்லூரியில் பயிலும் இளைஞர் ஒவ்வொருவரும், தம் தெருவில் ஐந்து வீடுகளை ஏற்றுக்கொள்க. தையில் சான்று பார்த்தீர்களா, மாசியில் செய்முறைக்குப் போனானா, பங்குனியில் தேர்வறைக்குச் சென்றாளா, சித்திரையில் பட்டியலில் பெயர் எழுதினோமா, வைகாசியில் விண்ணப்பம் அனுப்பினோமா என்று அவ்வைந்து வீடுகளிலும் திங்களுக்கு ஒருமுறை கேட்டு வாருங்கள். அதற்குப் பெரும்பணம் வேண்டா. ஒரு குறிப்பேடும், ஒரு மிதிவண்டியும், சலியாத மனமும் போதும்.

நூறாண்டுக்கு முன் பள்ளி வாயில் நமக்கு மூடியிருந்தது. அதனைத் திறக்க நம் பெரியோர் போராடினர். இன்று வாயில்கள் பல திறந்துள்ளன. ஆயின் ஒவ்வொன்றும் ஆண்டுக்குச் சில நாள்களே திறந்திருக்கின்றது. அந்நாள்களை அறிந்து, நம் பிள்ளைகளின் கைப்பிடித்து உள்ளே அனுப்புவது நம் தலைமுறையின் பணி. வெள்ளி விழாக் கண்ட இக்கழகம் பொன்விழாக் காணும் நாளில், இவ்வரங்கின் முன்வரிசையில் இன்று அமர்ந்திருக்கும் இச்சிறுமியரும் சிறுவரும் மருத்துவராக, பொறியாளராக, ஆசிரியராக, தொழில் வல்லுநராக, தம் தெருவின் ஐந்து வீடுகளைப் பற்றி இம்மேடையில் அறிக்கை படிக்க வேண்டும். அதற்கான வேலை வருகின்ற மாசி முதல் நாளிலேயே தொடங்கட்டும்.